வாடகை வாங்காத சித்தப்பா

அத்தியாயம் ஒன்பது

முதலில் பீரோ வந்தது. அதற்குப் பின்னால் கட்டில். கட்டிலுக்குப் பின்னால், தையல் மெஷினை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தையல்காரர் வந்தார். ‘வந்தார்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. மெஷினோடு சேர்த்து அவரையும் இழுத்து வந்தார்கள் என்பதே உண்மை.

“விடுய்யா மெஷின! வெளிய வெக்கணும்!” என்று உறுமினான் கூலியாள். அவன் தோள் ஒரு கதவு அகலம்.

“இதுமேல மட்டும் கை வெக்காதப்பா, இதான் சோறு போடுது...” என்றார் தையல்காரர். அவர் இருந்த ஒல்லிக்கு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாதான் அவரைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருந்தது.

பீரோவின் மேல் கை வைத்தபடி அவருடைய மகள் நின்றாள். நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்தவள் இன்னும் சீருடையைக்கூட மாற்றவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

தெருவின் எதிர்ப்பக்கம் ஒரு காருக்குள் இருந்து இதையெல்லாம் இரண்டு தடித்த கண்ணாடிச் சில்லுகள் பார்த்துக்கொண்டிருந்தன. வரித்துறைப் புலனாய்வுப் பிரிவில் அந்தக் கண்ணாடி அவ்வளவு பிரசித்தம். அது வழியாகப் பார்த்தால் எறும்பின் சட்டைப்பையில் இருக்கும் சில்லறைகூடத் தெரியும் என்று பியூன் முதல் கமிஷனர் வரை சத்தியம் செய்வார்கள். கண்ணாடிக்குச் சொந்தக்காரரை முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பூதக்கண்ணாடி’.

“நம்மாலதான் வெடி,” என்றார் மேடம்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வெடி. மேடத்தின் உதவியாளர். நாற்பத்தைந்து வயது. வாய் சும்மா இருக்காத ஒரே காரணத்துக்காக இலாகாவில் அவரை மாற்றாத ஊர் இல்லை. இனிமேல் மாற்ற ஊர் இல்லாததால் மேடத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

“நாம என்ன மேடம் பண்ணினோம்? ஒரே ஒரு கேள்வி கேட்டோம்.”

“அந்த ஒரு கேள்விதான் இப்பத் தெருவுல நிக்குது.”

நடந்தது இதுதான். இந்த வீட்டில் ஐந்து குடித்தனம். ஐந்து சமையலறை, ஐந்து கரண்ட் மீட்டர், ஐந்து காஸ் சிலிண்டர். ஆனால் வீட்டு உரிமையாளர் வரித்துறைக்குக் காட்டிய வாடகை வருமானம் சுத்தமாகப் பூஜ்யம். ஊரில் அவருக்குப் பெயர் ‘வள்ளல்’. அந்தப் பெயரை வைத்தவரும் அவரே.

நேற்று மேடம் வள்ளலின் அறையில் உட்கார்ந்து, டேப்பை ஓடவிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார். வள்ளல் நெஞ்சில் கை வைத்தார்.

“எனக்கு ஒரே அண்ணன் மேடம். போய்ச் சேந்துட்டாரு. அவருக்கு அஞ்சு பசங்க. அஞ்சு குடும்பமும் இங்கதான் இருக்கு. சொந்த அண்ணன் பிள்ளைங்ககிட்ட வாடகை வாங்கற பாவியா நான்?”

“வளர்ப்புப் பிள்ளைங்களோ?”

“ஒரே ரத்தம் மேடம்! ஒரே ரத்தம்!”

அதற்கப்புறம் ஐந்து வீட்டுக் கதவையும் தட்டினார் மேடம். ஐந்து வீட்டிலும் ஒரே பாட்டு: சித்தப்பா வீடு, வாடகை கிடையாது. தையல்காரரிடம் மட்டும் திடீரென்று, “வாடகை எவ்வளவு தர்றீங்க?” என்று போட்டார். தையல்காரர் பதிலுக்கு எச்சிலை விழுங்கினார். அந்த ‘களக்’ தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற வள்ளலுக்குக் கேட்காதா? இன்றைக்குச் சாமான் தெருவில்.

“போலீஸக் கூப்பிடலாமே மேடம்?”

“வந்து என்ன கேப்பாங்க? வாடகைக்கு இருக்கீங்கன்னா சீட்டு எங்கனு கேப்பாங்க. சீட்டு கிடையாது. சொந்தக்காரங்க சண்டை, நாங்க தலையிட மாட்டோம்னு போயிடுவாங்க. தையல்காரர் வாடகைக்காரர்னு நிரூபிச்சாதான் அவரைத் திரும்ப வீட்டுக்குள்ள வெக்க முடியும். அதையும் இப்பவே நிரூபிக்கணும்.”

“அஞ்சு பேரோட பிறப்புச் சான்றிதழ் எடுத்தா அப்பன் பேரு தெரிஞ்சிடும்.”

“எடுக்கலாம். வந்து சேர நாலு நாளாகும். அதுக்குள்ள அந்த வீட்டுல வேற பூட்டு தொங்கும்.” மேடம் கதவைத் திறந்தார். “வா.”

*

வள்ளல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாமான் வெளியே போகும் அழகை, சொந்தக் கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பது போல ரசித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம், வாங்க! நேத்துதானே வந்தீங்க? எங்க வீட்டுக் காத்து ஒத்துக்கிச்சு போல!”

“அண்ணன் மகன வெளிய தள்றீங்களே சார்?”

“குடும்ப விஷயம். உரிமை இருக்கற எடத்துலதானே கோபிச்சுக்க முடியும்?”

நர்ஸ் முன்னால் வந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. “சித்தப்பா, அடுத்த வாரம் கல்யாணம். அது முடிஞ்ச மறுநாளே நாங்களே காலி பண்ணிடறோம். கல்யாணப் பொண்ணு தெருவுலேர்ந்தா கிளம்புவா?”

“அத உங்கப்பன் யோசிச்சிருக்கணும்,” என்றார் வள்ளல்.

வெடியின் காது நிமிர்ந்தது. “ஒரு சின்ன சந்தேகம் சார். அப்பாவும் உங்கள சித்தப்பாங்கறாரு. மகளும் சித்தப்பாங்குது. அப்ப இவங்க ரெண்டு பேரும் அப்பா மகளா, அண்ணன் தங்கச்சியா?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். வள்ளலும் சிரித்தார். அவருக்கு வாய் முழுக்கப் பல், பல் முழுக்கத் தைரியம்.

“அன்பு தம்பி, அன்பு! அன்புல கூப்பிடறதுக்கு என்ன இலக்கணம்? நீங்க வேணும்னாலும் கூப்பிடுங்க.”

“வேண்டாம் சார். அப்புறம் எனக்கும் ஒரு போர்ஷன் ஒதுக்கிடுவீங்க.”

மேடம் வெடியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் போனார். “அன்பு மேல அபராதம் போட முடியாது. மாடிக்கு வா. வேற ஒருத்தர் வாயத் திறந்தாப் போதும்.”

மாடியில் கண்டக்டரம்மா. பஸ்ஸில் அவர் “உள்ள போ!” என்று ஒரு குரல் கொடுத்தால், நின்றுகொண்டிருப்பவர்கள் மட்டுமில்லை, உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து உள்ளே போவார்கள் என்று கேள்வி. கணவர் இல்லை. ஒரே மகன், எலக்ட்ரீசியன், வேலைக்குப் போயிருந்தான். அப்பேர்ப்பட்ட குரல்காரி இன்று கதவை ஒரு சாண்தான் திறந்தார்.

“வாடகையெல்லாம் கிடையாதுங்க. சித்தப்பா வீடு.”

“கீழ சாமான வெளிய தூக்கிப் போடறாங்களே, பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன்.” கண்டக்டரம்மாவின் கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. “அதனாலதான் சொல்றேன். வாடகை கிடையாது.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. மேடம் வணக்கம் சொல்லித் திரும்பினார். படியில் நர்ஸ் மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள், கையில் காலிக் குடத்தோடு.

“அத்தை, கீழ குழாயப் பூட்டிட்டாங்க. கொஞ்சம் தண்ணி...”

கதவு ஒரு சாணிலிருந்து முழுசாகத் திறந்தது. “அதுக்கு ஏன் மருமகளே கேட்டுக்கிட்டு நிக்கற? உள்ள வா. உங்கப்பா எதாவது சாப்பிட்டாரா?”

மேடம் படியில் அப்படியே நின்றார். பின்னால் வந்த வெடி அவர் மேல் மோதாமல் இருக்கச் சுவரைக் கட்டிப்பிடித்தார்.

“ஏம்மா,” மேடம் மெதுவாகத் திரும்பினார், “மாப்பிள்ளை உங்க மகனா?”

“ஆமா. அதுக்கும் வரி இருக்கா?”

“இப்போதைக்கு இல்ல. யாரு பேசி முடிச்சது?”

“சித்தப்பாதான். ரெண்டு குடும்பத்துக்கும் பெரியவங்கனு யாரும் இல்ல. நான் முன்னால நிக்கறேன்னாரு. நிச்சயத்தன்னிக்கு முதல் நாற்காலியில அவருதான். முதல் பந்தியிலயும் அவருதான்.”

மேடம் இரண்டு படி கீழே இறங்கியதும் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. வரி ஏய்ப்பவர்கள் அதை ஒருமுறை பார்த்தால் போதும், தூக்கத்தில் எழுந்து வரி கட்டுவார்கள்.

“என்ன மேடம்? கல்யாணச் சாப்பாடு நமக்கும் உண்டுங்கறீங்களா?”

“வெடி, இந்த ஆளு ரூபாயில மட்டுமில்ல, பொய்யிலயும் கஞ்சம். டேப் எங்க?”

“பையில.”

“பத்திரமா வெச்சுக்க.”

“அந்தம்மாகிட்டயே சொல்லிடலாமே மேடம்? சொன்னா வாயத் திறந்துடுவாங்க.”

“நாம சொன்னா அது வம்பு. அவன் வாயால வந்தாதான் வாக்குமூலம்.”

*

கீழே கட்டிலுக்குப் பக்கத்தில் பாத்திர மூட்டையும் சேர்ந்திருந்தது. மற்ற குடித்தனக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. நர்ஸ் தண்ணீர்க் குடத்தோடு பீரோ பக்கம் வந்துவிட்டிருந்தாள். கண்டக்டரம்மா வேலைக்குக் கிளம்பி, காக்கிச் சீருடையில் தோல்பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மேடம் வள்ளலிடம் போய்க் கை நீட்டினார். “வாழ்த்துகள் சார்!”

“எதுக்கு மேடம்?”

“கல்யாணம் நீங்களே பேசி முடிச்சதாமே? இந்தக் காலத்துல யாரு சார் முன்னால நிக்கறாங்க?”

வள்ளலைப் புகழ்வது பலூனுக்குக் காற்றடிப்பது மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அரையடி உயர்ந்தார்.

“பின்னே? நான்தான் சொன்னேன். மேல தங்கமான பையன், கீழ தங்கமான பொண்ணு. வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா?”

“அடடா. மாப்பிள்ளையோட அப்பா உங்களுக்கு என்ன வேணும்?”

“அதான் நேத்தே சொன்னேனே. என் அண்ணன் ம...”

பலூனில் ஊசி இறங்கியது. வள்ளலின் வாய் திறந்தபடி நின்றது. நுணல் என்று ஒரு பிராணி தன் வாயால் கெடும் என்பார்களே, அது கெடுகிற நேரத்தில் அதன் முகம் எப்படி இருக்கும் என்று தெருவே பார்த்தது.

“அண்ணன் மகன்,” வெடி அன்போடு முடித்து வைத்தார். “பொண்ணோட அப்பா?”

வள்ளலின் கண் தையல்காரர் பக்கம் ஓடியது. பதிலையும் வெடியே சொன்னார்.

“அவரும் அண்ணன் மகன். இருக்கறதே ஒரே அண்ணன். ஒரே ரத்தம். டேப்புல ரெண்டு தடவை சொல்லியிருக்கீங்க, போட்டுக் காட்டட்டுமா?”

ஐந்து குடும்பத்துக்கு ஐந்து அண்ணனைக் கற்பனை பண்ண என்ன செலவு? ஒரு அக்காவைச் சேர்த்திருந்தால்கூட முறைமாப்பிள்ளை, முறைப்பெண் என்று தப்பித்திருக்கலாம். இந்த மனிதர் சிக்கனமாக ஒரே அண்ணனை வைத்து ஐந்து வீட்டையும் ஓட்டிவிட்டார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. “அண்ணன் தம்பி ரெண்டு பேரோட பிள்ளைங்க. முறை என்ன சார்?”

ஜன்னலில் இருந்து யாரோ பதறினார்கள்: “ஐயையோ, அண்ணன் தங்கச்சி முறையாச்சே!”

கடைசிப் படியில் கண்டக்டரம்மா சிலையாக நின்றார். “என்னது? என் புருஷனும் தையல்காரரும் கூடப்பிறந்தவங்கனு சொல்லி வெச்சிருக்கீங்களா?”

“ரெண்டுல ஒண்ணுதான் சார் நிஜமா இருக்க முடியும்,” என்றார் மேடம். “ஒரே ரத்தம்னா கல்யாணம் இல்ல. கல்யாணம் உண்டுன்னா ஒரே ரத்தம் இல்ல, நேத்து நீங்க சொன்னது பொய். இத்தனை வருஷ வாடகைக்கு வரி, வட்டி, மறைச்சதுக்கு வரியப்போல ரெண்டு மடங்கு அபராதம். எது நிஜம்?”

வள்ளல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். மேடத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தெருவில் நின்ற நர்ஸைப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஒரு தராசு ஆடுவது வெளியே தெரிந்தது. ஒரு தட்டில் அபராதம். இன்னொரு தட்டில் ஒரு பெண்.

“ஒரே ரத்தம்தான்,” என்றார் வள்ளல். “நான்தான் வயசான காலத்துல யோசிக்காம தப்புப் பண்ணிட்டேன். அண்ணன் தங்கச்சிதான். கல்யாணம் நடக்காது. நிறுத்துங்க.”

டேப்பை எடுக்கப் பைக்குள் விட்ட கையை வெடி வெறுங்கையாக வெளியே எடுத்தார்.

மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. மனுஷன் ஒருத்தன் இவ்வளவு தூரம் போகமாட்டான் என்ற நம்பிக்கையில் வைத்த பொறி அது. எலி பொறியைத் தூக்கிக்கொண்டு ஓடியதுமில்லாமல், அதில் அந்தப் பெண்ணின் கையையும் சிக்க வைத்துவிட்டது. நர்ஸ் பீரோவில் சாய்ந்தாள். குடம் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் தெருவில் ஓடியது.

“என்னம்மா சொல்றீங்க?” வள்ளல் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். குரலில் தேன், கண்ணில் கத்தி. “உங்க போர்ஷன்ல நிம்மதியா இருக்கணும்ல? நான் சொல்றது சரிதானே?”

கண்டக்டரம்மா தோல்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார்.

அப்போதுதான் தையல்காரர் மெஷினை விட்டார். காலையிலிருந்து நாலு ஆள் இழுத்தும் விடாதவர், தானாகவே இரண்டு கையையும் எடுத்தார்.

“எங்கப்பா லாரி ஓட்டினாரு,” என்றார். “அவரு கூடப்பிறந்தது மூணும் அக்காங்க. தம்பி கிடையாது.”

“டேய்!”

“இவரு எனக்கு யாருமே இல்லைங்க. நான் வாடகைக்கு இருக்கேன். மாசம் பொறந்தா கையிலதான் குடுக்கணும். குடுக்கும்போது சித்தப்பானு கூப்பிட்டாதான் வாங்குவாரு. இல்லன்னா கை நீட்டமாட்டாரு.”

“டேய், உன்ன நடுத்தெருவுல நிக்க வெச்சிடுவேன்!”

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். பீரோ, கட்டில், பாத்திர மூட்டை, மகள். “இப்ப எங்க நிக்கறேன்?” என்றார்.

அது கேலியில்லை. உண்மையாகவே கேட்டார். ஒருத்தனை மிரட்ட அவனிடம் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். வள்ளல் அவசரத்தில் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டார், பயம் உட்பட.

மேடம் கண்டக்டரம்மாவைத்தான் பார்த்தார். அவருக்கு வீடு இருந்தது. இழக்க இருந்தது. அதனால் இனி எல்லாம் அவர் கையில்.

கண்டக்டரம்மா கடைசிப் படியிலிருந்து தரைக்கு இறங்கினார். வள்ளலின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

“என் புருஷனுக்கு நீங்க சித்தப்பாவா?” மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “வாடகை ஏத்தும்போதெல்லாம் அவரு உங்கள என்னனு கூப்பிட்டாரு தெரியுமா? பொண்ணு நிக்கறா, அதனால சொல்லல.” அப்புறம் அந்தக் குரல் வந்தது, முழுப் பஸ்ஸையும் பின்னால் தள்ளுகிற குரல். “எழுதிக்குங்கம்மா! நானும் வாடகைதான்! என் புருஷன் செத்த மாசம்கூட ஒரு பைசா கொறைக்கல இந்தச் சித்தப்பா!”

ஒரு ஜன்னல் மூடியது. மூடிய வேகத்தில் கதவு திறந்தது. “நாங்களும் வாடகைதான் மேடம்!” அடுத்த கதவு. “இங்கயும்!” கடைசி வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்தார், தன்னை விட்டுவிடப் போகிறார்களே என்ற பதற்றம். “அஞ்சாவது நான்தாங்க! எனக்கு இவரு முகமே பிடிக்காது!”

வெடிக்கு உயிர் வந்தது. “ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க. சித்தப்பா எங்கயும் போக மாட்டாரு.”

வள்ளல் நாற்காலியில் இருந்து எழுந்தார். அரையடி குறைந்திருந்தார். “மேடம்... தானா முன்வந்து ஒத்துக்கிட்டா அபராதம் கிடையாதுனு எதுலயோ படிச்சேன். நான் தானா முன்வரேன் மேடம்.”

“அத நேத்தே சொன்னேன் சார். இப்பச் சொன்னா வரியும் வட்டியும் மட்டும்னு. நீங்க நெஞ்சுல கைய வெச்சீங்க.” மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவங்க அஞ்சு பேரும் வாடகைக்காரங்க. முறையா அவகாசம் குடுக்காம யாரையும் வெளியேத்த முடியாது. குழாய்ப் பூட்டையும் திறங்க.”

பிறகு அவர் நர்ஸின் பக்கம் திரும்பினார். “உன் கல்யாணத்த வெச்சு ஆடியிருக்கக் கூடாதும்மா.”

நர்ஸ் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் கண்டக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் பார்க்க, நடுத்தெருவில், கல்யாணம் நடக்காது என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அதை எடுத்துத் தூரப் போட வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

கண்டக்டரம்மா தோல்பையைத் தோளிலிருந்து கழற்றிப் படியில் வைத்தார். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார்.

“சம்பந்தி,” என்றார்.

தையல்காரர் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தார்.

“உங்களத்தான் சம்பந்தி. அந்தப் பக்கம் பிடிங்க. பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கல.”